மருந்து அடிப்பதற்கு முந்தின நாள்

"நாளைக்குக் காலையில பத்து மணிக்கு ரெண்டு ஆள் அனுப்புதோம் அண்ணாச்சி. அடுக்களையை மட்டும் கொஞ்சம் ஒதுங்க வச்சிருங்க."

பூச்சி மருந்து அடிக்கும் நிறுவனத்திலிருந்து வரும் போன் பெரும்பாலும் இவ்வளவோடு முடிந்துவிடும். தூத்துக்குடி மில்லர்புரத்தின் ஹவுசிங் போர்டு வீடோ, பாளையங்கோட்டை சாலையை ஒட்டி எழுந்த புது அடுக்குமாடியோ, எங்கும் இதே பேச்சுதான். எதை ஒதுக்குவது, எவ்வளவு ஒதுக்குவது என்று நாமும் கேட்பதில்லை, அவர்களும் விளக்குவதில்லை. மறுநாள் ஆட்கள் வந்து நின்ற பிறகு, சிங்க்குக்கு அடியில் கிடக்கும் வெங்காயக் கூடையையும் எண்ணெய் டின்னையும் அவசர அவசரமாக இழுத்துப் போடுகிறோம். அரை மணி நேரத்தில் வேலை முடிகிறது. ஒரு மாதம் கழித்து இரவில் விளக்கைப் போட்டால் அதே கரப்பான்கள் அதே மூலைக்கு ஓடுகின்றன. "மருந்து சரியில்ல" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம்.

மருந்து சரியில்லாமல் போவதும் உண்டுதான். ஆனால் மருந்து போய்ச் சேரவேண்டிய இடத்துக்குப் போகவே இல்லை என்பதுதான் பல வீடுகளில் நடப்பது. போக வழிவிட வேண்டியது வீட்டுக்காரர் வேலை. அதோடு, பாத்திரம் பண்டங்களை நகர்த்தி வைப்பதோடு அந்த வேலை முடிவதும் இல்லை. என்ன மருந்து, எந்த இடத்தில் வைப்பார்கள், எவ்வளவு நேரம் வெளியே இருக்க வேண்டும், மிச்சத்தை யார் எடுத்துப்போவார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்வதும் தயாரிப்பில் சேர்த்திதான். இதில் உயிரே அடங்கியிருக்கிறது.

2024 நவம்பரில் சென்னைக்குப் பக்கத்தில் குன்றத்தூரில் நடந்ததைத் தமிழ்நாடு மறந்திருக்காது. எலித் தொல்லைக்காக ஒரு குடும்பம் பூச்சிக்கட்டுப்பாட்டு நிறுவனத்தை அழைத்தது. ஆட்கள் வந்து வீட்டில் பல இடங்களில் எலி மருந்தை வைத்துவிட்டுப் போனார்கள். அன்றிரவு குடும்பம் ஏசி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கியது. விடிவதற்குள் எல்லோருக்கும் வாந்தி, மூச்சுத் திணறல். ஆறு வயதுப் பெண் குழந்தையும் ஒரு வயது ஆண் குழந்தையும் இறந்துபோனார்கள். பெற்றோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். நிறுவனத்தின் மீது வழக்குப் பதிவானது. அந்தப் பெற்றோர் செய்தது எல்லாரும் செய்வதுதான்: தொழில் தெரிந்தவர்களைக் கூப்பிட்டார்கள், அவர்களை நம்பினார்கள். ஆகவே அவர்களைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. இனி வீட்டுக்குள் ஒரு மருந்து டப்பா நுழையும்போது நம் ஒவ்வொருவருக்கும் என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதைப் பேசியே ஆகவேண்டும்.

துறைமுகத்தில் ஒரு நியாயம், வீட்டில் ஒரு நியாயம்

இதைத் தூத்துக்குடிக்காரர்களிடம் சொல்வது எளிது. மில்லர்புரத்திலிருந்து துறைமுகம், ஷிப்பிங் கம்பெனி, கன்டெய்னர் கிடங்கு என்று தினமும் வேலைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். வ.உ.சிதம்பரனார் துறைமுகத்தின் வழியாக வெளிநாட்டு மரத் தடிகளும் தோல் நீக்காத முந்திரியும் வந்து இறங்குகின்றன. அவுரி இலையும் உலர்பூவும் கப்பல் ஏறுகின்றன. இவற்றோடு வண்டும் புழுவும் நாடு விட்டு நாடு போய்விடக் கூடாது என்பதற்காகப் புகைமூட்டம் போடுவது அங்கே அன்றாட வேலை. 'ஃப்யூமிகேஷன்' என்றால் சரக்கு ஏற்றும் தொழிலாளிக்கும் தெரியும்.

அது எப்படி நடக்கிறது? சரக்கைத் தார்ப்பாயால் மூடி, ஓரங்களில் மணல் பாம்பு எனப்படும் மணல் நிரப்பிய பைகளை வரிசையாக வைத்து, காற்று கசியாதபடி அடைக்கிறார்கள். மண்டையோடு போட்ட எச்சரிக்கைத் தாள் ஒட்டப்படுகிறது. அதில் என்ன வாயு, எப்போது செலுத்தியது என்று எழுதியிருக்கும். குறிப்பிட்ட மணி நேரம் கழிந்து திறந்து, காற்றாட விட்டு, கருவியால் வாயு அளவைப் பார்த்த பிறகுதான் ஆள் உள்ளே போகலாம். கடைசியில் சான்றிதழ். சரக்கோடு போகும் மரப் பலகைத் தட்டுகளுக்கும்கூட விதி உண்டு. உலகம் முழுக்கச் செல்லும் அந்த விதிப்படி, மரத்தின் நடுப்பகுதியே 56 டிகிரி செல்சியஸ் சூட்டில் தொடர்ந்து 30 நிமிடம் இருக்க வேண்டும். அப்படிச் செய்த தட்டில் கோதுமைக்கதிர் முத்திரையும் 'எச்.டி.' என்ற எழுத்தும் பொறித்திருக்கும். மெத்தில் புரோமைடு வாயுவால் சுத்தம் செய்திருந்தால் 'எம்.பி.' என்றிருக்கும். (பழைய தட்டுகளை வாங்கிக் கட்டிலும் அலமாரியும் செய்கிறவர்கள் நம் ஊரில் பலர். வாங்குமுன் அந்த எழுத்தைப் பார்த்து, 'எச்.டி.' போட்டதையே எடுங்கள். முத்திரையே இல்லாத தட்டை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம்.)

ஒரு கன்டெய்னர் முந்திரிக்கு இத்தனை ஒழுங்கு. நம் குழந்தை படுக்கும் அறைக்கு ஒரு தாள்கூட இல்லை. சான்றிதழ் பார்க்காமல் கன்டெய்னர் கதவைத் தொடாத ஆள், வீட்டுக்கு வருகிறவரிடம் மருந்தின் பெயரைக் கேட்கக் கூச்சப்படுகிறார். அந்தக் கூச்சத்தை முதலில் விட வேண்டும்.

யார் வருகிறார்கள், என்ன கொண்டுவருகிறார்கள்

1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்படி, வீடுகளில் பூச்சிக்கட்டுப்பாடு செய்யும் நிறுவனம் உரிமம் பெற்றிருக்க வேண்டும். தமிழ்நாட்டில் அதைக் கவனிப்பது வேளாண் துறை. உரிமம் கேட்பவர், அல்லது அவர் வேலைக்கு வைத்திருப்பவர், வேளாண்மைப் பட்டமோ வேதியியலை ஒரு பாடமாகக் கொண்ட அறிவியல் பட்டமோ படித்திருக்க வேண்டும். அதோடு அங்கீகரிக்கப்பட்ட நிறுவனம் ஒன்றில் குறைந்தது 15 நாள் பயிற்சியும் பெற்றிருக்க வேண்டும். மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் அப்படி ஒன்று. ஆகவே "உரிமத்தோட நகல் இருக்கா தம்பி?" என்று கேட்பதில் தவறே இல்லை. இருப்பவர் தயங்காமல் காட்டுவார்.

அடுத்து மருந்து. இந்தியாவில் விற்கும் ஒவ்வொரு பூச்சிக்கொல்லி டப்பாவிலும் சாய்சதுரமாக ஒரு வண்ணக் கட்டம் இருக்கும். சிவப்பு என்றால் கடும் நஞ்சு. அடுத்து மஞ்சள், அதற்கடுத்து நீலம், கடைசியாகப் பச்சை. வீட்டுக்குள் சிவப்புக் கட்டம் போட்ட டப்பா வந்தால் அங்கேயே நிறுத்திக் கேள்வி கேளுங்கள். பெப்சி பாட்டிலிலோ பழைய கேனிலோ ஏற்கெனவே கலக்கிக் கொண்டுவந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். முத்திரை பிரிக்காத டப்பாவை உங்கள் கண்முன் பிரித்து, உங்கள் வீட்டு முற்றத்தில் கலக்கட்டும். அதற்கென்று ஒரு பழைய வாளியை ஒதுக்கி வையுங்கள், பிறகு அதை வேறெதற்கும் எடுக்க வேண்டாம். டப்பாவின் நான்கு பக்கத்தையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால், டாக்டர் கேட்கும் முதல் கேள்வி மருந்தின் பெயராகத்தான் இருக்கும். அந்தப் பெயரைப் பொறுத்தே சிகிச்சை மாறும்.

"வாசனையே வராதுக்கா, ஹெர்பல்" என்று சொல்வார்கள். இன்று புழங்கும் பல மருந்துகளுக்கு வாடை குறைவு. வாடை இல்லாததால் நஞ்சு இல்லை என்றாகிவிடாது. ஹெர்பல் என்றாலும் டப்பாவில் பெயர் இருக்கும், வண்ணக் கட்டம் இருக்கும். அதைப் பாருங்கள்.

அடுக்களை

கரப்பானில் நம் வீடுகளுக்கு வருபவை முக்கியமாக இரண்டு. சாக்கடை வழியாக வரும் பெரியது, சிவந்த பழுப்பு நிறம், ஏறக்குறைய நாலு சென்டிமீட்டர். இன்னொன்று ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் வளராத சின்னது. தலைக்குப் பின்னால் இரண்டு கருங்கோடுகள் இருக்கும். அடுக்களையை நிரப்புவது இந்தச் சின்னதுதான். ஒரு முட்டைப் பையில் முப்பது நாற்பது குஞ்சுகள். பொரியும் தறுவாய் வரை தாய் அந்தப் பையை வாலில் சுமந்துகொண்டே திரியும். முட்டைக்குள் இருப்பதைப் பெரும்பாலான மருந்துகள் தொடாது. ஒரே தடவையில் ஒழியாததற்கு இதுவே காரணம். இரண்டாம் வருகை இல்லாத ஒப்பந்தத்துக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள்.

சின்ன கரப்பானுக்கு இப்போது ஜெல்தான் வழக்கம். ஃபிப்ரோனில் அல்லது இமிடாக்ளோப்ரிட் கலந்த இரைப் பசை அது. அரிசி மணி அளவுக்குச் சொட்டுச் சொட்டாக வைப்பார்கள். கரப்பான் அதைத் தின்று பொந்துக்குள் போய்ச் சாகும். அதன் எச்சத்தையும் பிணத்தையும் தின்னும் மற்றவையும் சாகும். இது பலிக்க வேண்டுமானால் இரண்டு விஷயம் நடக்க வேண்டும். கரப்பானுக்கு வேறு தீனி கிடைக்கக் கூடாது. ஜெல் பக்கத்தில் அதை விரட்டும் வேறு மருந்து இருக்கக் கூடாது.

பலர் தவறுவது இந்த இரண்டாவதில்தான். ஆள் வருகிற முந்தின நாள் ராத்திரி, "எதுக்கும் இருக்கட்டும்" என்று கடையில் வாங்கிய ஸ்பிரேயை மூலைக்கு மூலை அடித்துவிடுகிறோம். அலமாரி ஓரமெல்லாம் பூச்சி சாக்பீஸ் கோடு. அந்த ஸ்பிரேயும் சாக்பீஸும் கரப்பானை அந்த இடத்திலிருந்து விரட்டும். விரட்டிய இடத்தில் ஜெல் வைத்து என்ன பயன்? குறைந்தது ஒரு வாரத்துக்கு முன்பே ஸ்பிரேயை நிறுத்திவிட்டு, சாக்பீஸ் கோட்டை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள்.

இனி முந்தின நாள் சாயங்காலம். சிங்க்குக்கு அடியில் இருப்பதை ஒன்று விடாமல் வெளியே எடுங்கள். பைப்பு சொட்டினால் அன்றைக்கே வாஷர் மாற்றுங்கள். பட்டினி கிடக்கும் கரப்பான் தண்ணீர் இருந்தால் வாரக்கணக்கில் தாங்கும். கேஸ் அடுப்பைத் தூக்கிப் பாருங்கள். அடியில் எண்ணெயும் மாவும் சேர்ந்து பாசி மாதிரி படிந்திருக்கும், அதைச் சுரண்டி எடுத்துச் சோப்புத் தண்ணீரால் துடைக்க வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கின் மேல் ஜெல் ஒட்டாது. அலமாரிக் கதவைத் திறந்து கீலில் டார்ச் அடித்தால் மிளகுத் தூள் தூவியது போலக் கரும்புள்ளிகள் தெரியும். அது கரப்பானின் எச்சம். அதைத் துடைத்துவிடாமல், வரும் ஆளுக்குக் காட்டுங்கள். ஜெல் வைக்க வேண்டிய இடத்தை அதுவே சொல்லிவிடும். கிரைண்டரைச் சாய்த்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். மிக்சியின் அடியில் காற்று போகும் துளைகள், ஃபிரிட்ஜ் பின்னால் மோட்டார் சூட்டில் கதகதப்பாக இருக்கும் இடம், சுவிட்ச் போர்டின் உள்பக்கம் இவையெல்லாம் சின்ன கரப்பானுக்குப் பிடித்த குடியிருப்புகள். ஃபிரிட்ஜை முந்தின இரவே சுவரிலிருந்து ஒரு முழம் இழுத்து வைத்தால், மறுநாள் ஆளுக்குச் சௌகரியம்.

நம் ஊர் அடுக்களைக்கு ஒரு தனிக் கவனம் வேண்டும். கருவாடு, நெத்திலி, மாசி என்று ஏதாவது ஒன்று பையில் முடிந்து மேல்தட்டில் இருக்கும். பிளாஸ்டிக் பையை விட்டு, இறுக மூடும் எவர்சில்வர் டப்பாவுக்கு மாற்றுங்கள். பலசரக்குக் கடையிலிருந்து வந்த அட்டைப் பெட்டிகளைப் பரணில் சேர்த்து வைப்பதை நிறுத்துங்கள். கரப்பானும் அதன் முட்டைப் பையும் பல தடவை நம் வீட்டுக்கு வருவது அந்த அட்டையின் மடிப்புக்குள் ஒளிந்துகொண்டுதான்.

ஜெல் வைத்த இடத்தைப் பிறகு துடைக்கக் கூடாது. ஜெல்லுக்காக வீட்டை விட்டு வெளியேறவும் வேண்டியதில்லை. தெளிப்பு மருந்து என்றால் கணக்கே வேறு, அதைப் பிறகு சொல்கிறேன்.

சுவரும் செல்லும்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பேய்மழையைத் தூத்துக்குடி மாவட்டத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர். மாநகரின் தாழ்வான குடியிருப்புகளில் தண்ணீர் நாள்கணக்கில் நின்றது. அப்படித் தண்ணீர் நின்ற வீட்டில், நிலைக்கதவின் அடிப்பாகம் ஈரம் குடித்து ஊறிப்போகும். ஊறிய மரம் கரையானுக்கு விருந்து. வெள்ளம் வடிந்து வீடு காய்ந்துவிட்டது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும்போது, மண்ணுக்கு அடியிலிருந்து அந்தக் கரையான், அதாவது செல், ஏறத் தொடங்கியிருக்கும். தண்ணீர் புகுந்த வீட்டுக்காரர்கள் நிலை, கதவு, அலமாரியின் அடிப்பலகை இவற்றைத் தட்டிப் பாருங்கள். 'டொக்' என்று உள்ளே காலியான சத்தம் வந்தால் ஆள் கூப்பிடும் நேரம் வந்துவிட்டது.

இங்கே ஒரு குழப்பம் வரும். கடல் காற்றும் உவர் நிலமும் உள்ள ஊர் என்பதால் நம் சுவர்களில் ஓதம் ஏறி உப்புப் பூக்கும், பூச்சு உதிரும். அதைச் செல் என்று நினைத்து மருந்து அடிக்கச் சொல்கிறவர்கள் உண்டு. உப்பு வெள்ளையாக, பஞ்சு மாதிரி இருக்கும், தொட்டால் மாவாக உதிரும். கரையான் வரி மண் நிறத்தில், பென்சில் கனத்தில், தரையிலிருந்து மேலே ஒரு கோடாக ஏறும். கிள்ளிப் பார்த்தால் உள்ளே வெளிர் நிறப் பூச்சி ஓடும். ஒரே ஒரு இடத்தில் கிள்ளிப் பாருங்கள், போதும். ஆள் வருமுன் வரியெல்லாவற்றையும் விளக்குமாற்றால் பெருக்கித் தள்ளிவிட்டால், அது எங்கிருந்து ஏறுகிறது என்று அவரால் கண்டுபிடிக்க முடியாது.

குடியிருக்கும் வீட்டில் கரையான் மருந்து செலுத்துவதற்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் வழிமுறை இருக்கிறது, ஐ.எஸ். 6313, மூன்றாம் பகுதி. தரையும் சுவரும் சேரும் மூலையில் 30 சென்டிமீட்டருக்கு ஒரு துளை, ஏறக்குறைய 12 மில்லிமீட்டர் விட்டம், துளைக்கு ஒரு லிட்டர் வரை மருந்துக் கரைசல் என்பது அதன் சாரம். இந்த அளவு தெரிந்திருந்தால், மூன்றடிக்கு ஒரு துளை போட்டுவிட்டுக் கிளம்பப் பார்ப்பவரை நிறுத்தி வைக்கலாம். ஒவ்வொரு அறையிலும் சுவரோரம் முழுக்க டிரில் மிஷின் ஓடும் வேலை இது. ஆகவே பீரோ, கட்டில், சோபா எல்லாம் சுவரை விட்டு இரண்டடியாவது நகர்ந்து அறையின் நடுவுக்கு வர வேண்டும். இரும்பு பீரோவை ஆள் வந்த பிறகு நகர்த்திக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். முந்தின நாளே உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேரைக் கூப்பிட்டு நகர்த்திவிடுங்கள். தண்ணீர்க் குழாயும் மின் ஒயரும் சுவருக்குள் எந்த வழியில் போகின்றன என்று தெரிந்தால் சாக்பீஸால் கோடு போட்டு வையுங்கள். பழைய வீடு என்றால் கொத்தனாரையோ எலக்ட்ரீஷியனையோ ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. துளை போட்டுக் குழாயை உடைத்துக்கொண்டால், கரையான் செலவைவிட அந்தச் செலவு பெரிது.

கிணறோ போர்வெல்லோ வீட்டை ஒட்டி இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அந்தப் பக்கம் மண்ணில் மருந்து இறக்குவது குடிக்கும் தண்ணீரில் இறக்குவது மாதிரி.

நம் பாட்டன்மார் வீட்டில் வைரம் பாய்ந்த பனங்கட்டையே உத்திரம். கரையான் அதைச் சீக்கிரத்தில் தொடாது. இன்றைய பிளைவுட் அலமாரி அப்படியில்லை. புது வீடு கட்டுகிறவர்கள் கடைக்கால் போடும்போதே மண்ணுக்கு மருந்து வைத்துவிட்டால், பின்னால் தளத்தைத் துளைபோட வேண்டி வராது.

எலி: இங்கேதான் மிகுந்த எச்சரிக்கை

எலிக்கு வீட்டுக்குள் வைக்கக் கூடியது எது, கூடாதது எது என்று ஆள் வருமுன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.

பொறி வைக்கலாம். ஒரு துண்டு சுட்ட கருவாட்டுக்கு வராத எலி கிடையாது. புரோமடியோலோன் என்ற மருந்து கலந்த கட்டிகள், எலி மட்டும் நுழையக்கூடிய பூட்டிய பெட்டிக்குள் இருந்தால் வைக்கலாம். அதைத் தின்ற எலி சில நாள் கழித்து ரத்தக் கசிவால் சாகும். தவறி மனிதர் வாயில் பட்டாலும் வைட்டமின் கே என்ற மாற்று மருந்து இருக்கிறது.

கூடாதது அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை. கிடங்குகளில் தானியத்துக்குப் புகைமூட்டம் போடுவதற்கானது அது. காற்றில் உள்ள ஈரம் பட்டதும் பாஸ்பீன் என்ற வாயுவை விடும். மூன்று கிராம் மாத்திரை ஒன்று, ஒரு கிராம் வாயுவை வெளியேற்றும். பூட்டிய அறையில் அது கொல்லும். அதற்கு மாற்று மருந்து இல்லை. கடற்கரை ஊரின் ஈரக் காற்றில் அது வேகமாகவே வேலை செய்யும். இன்னொரு ஆபத்தை நம் ஊர்க்காரர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். கலப்புள்ள பாஸ்பீனின் வாடை பூண்டு மாதிரியோ அழுகின மீன் மாதிரியோ இருக்கும். வேறு ஊரில் அந்த நாற்றம் வந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிவிடுவார்கள். நாம் "யார் வீட்டுலயோ கருவாடு காயுது" என்று திரும்பிப் படுத்துவிடுவோம். எலி மருந்து வைத்த வீட்டில் மீன் வாடை வந்தால் அடுத்த நொடியே கதவைத் திறந்துகொண்டு குழந்தைகளோடு வெளியே வந்துவிடுங்கள். வாடை வராவிட்டாலும் வாயு இருக்கலாம்.

இந்த மாத்திரையைப் பொதுமக்களுக்குக் கடையில் விற்கவே கூடாது என்பது விதி. ஆனாலும் அரிசி மூட்டையில் வண்டுக்குப் போடவும், மூட்டைப்பூச்சிக்குக் கட்டிலடியில் வைக்கவும் கைக்குக் கை மாறி வீட்டுக்குள் வந்துவிடுகிறது. அரிசிக்கு வேப்பிலையும் வசம்பும் போதும், வெயிலில் காய வைத்தால் அதைவிட நல்லது. மாத்திரை வேண்டவே வேண்டாம். அதுபோல மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப் பசை. அதைத் தின்று ஈரல் கெட்டு எத்தனையோ இளம் உயிர்கள் போன பிறகு, தமிழக அரசு அதற்குத் தடை விதித்தது. பழைய குழாய் ஏதாவது பரணில் கிடந்தால் அதையும் வெளியேற்றுங்கள். குப்பையோடு போடாமல், பூச்சிக்கட்டுப்பாட்டு ஆளிடமே ஒப்படையுங்கள்.

எலி மருந்து வைப்பதானால் எத்தனை கட்டி, எந்தெந்த இடம் என்று ஒரு தாளில் எழுதி, வைத்தவரிடம் கையெழுத்து வாங்குங்கள். படுக்கையறைக்குள் எதுவும் வேண்டாம். ஏசி போட்டுப் பூட்டும் அறைக்குள் கண்டிப்பாக வேண்டாம். ஒரு வாரம் கழித்து அதே தாளை வைத்துக்கொண்டு எண்ணி, மிச்சத்தை எடுத்துப்போகச் சொல்லுங்கள்.

இவ்வளவும் செய்துவிட்டு எலி வரும் வழியை அடைக்காமல் விட்டால் அடுத்த மாதம் வேறு எலி வரும். ஏசி குழாய் சுவரைத் துளைத்து வெளியே போகும் இடத்தில் சுற்றிலும் ஓட்டை இருக்கிறதா பாருங்கள். கட்டைவிரல் நுழைந்தால் இளம் எலி நுழையும். வலைக் கம்பி திணித்துச் சிமென்ட் பூசுங்கள்.

மூட்டைப்பூச்சி

இதைப் பற்றிப் பேசவே நம் ஆட்களுக்கு வெட்கம். வெட்கப்பட ஒன்றுமில்லை. ராத்திரி ரயிலில் போன ஒரு பை, தங்கிய விடுதியின் ஒரு மெத்தை, வாங்கிய ஒரு பழைய கட்டில் போதும். சுத்தமான வீட்டுக்கும் வரும். தெளிப்புக்கு முன் கட்டிலைக் கழற்றிப் போட வேண்டும், ஒவ்வொரு பொருத்திலும் இணைப்பிலும் மருந்து போக வேண்டும். போர்வை, தலையணை உறை, திரைச்சீலையைச் சுடுதண்ணீரில் ஊறவைத்துத் துவையுங்கள். அறையிலிருந்து எடுக்கும்போதே பையில் போட்டு முடிச்சிட்டு எடுங்கள், இல்லையென்றால் வழியெல்லாம் உதிரும். 50 டிகிரி சூட்டை மூட்டைப்பூச்சி தாங்காது. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் கறுப்புப் பிளாஸ்டிக் பையில் துணியைக் கட்டி மொட்டைமாடியில் நாள் முழுக்க வைப்பது உதவும், ஆனால் மெத்தையின் நடுவரை அந்தச் சூடு போகாது. கடித்தது என்று அடுத்த அறையில் போய்ப் படுக்காதீர்கள். பூச்சியும் அங்கே வந்துவிடும். பத்து, பதினைந்து நாளில் இரண்டாம் தெளிப்பு கட்டாயம்.

ஆட்களும் உயிர்களும்

தெளிப்பு மருந்து அடிக்கும் நாளில் கைக்குழந்தை, கர்ப்பிணி, வீசிங் உள்ளவர்கள், படுக்கையில் இருக்கும் பெரியவர்கள் இவர்களை எங்கே வைப்பது என்பதை முதலில் தீர்மானித்துவிட்டு அப்புறம் தேதி கொடுங்கள். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் உள்ள நாள் நல்லது. மருந்து காயும் வரை, பொதுவாகச் சில மணி நேரம், யாரும் உள்ளே இருக்கக் கூடாது. எத்தனை மணி நேரம் என்று நிறுவனத்திடம் எழுதி வாங்குங்கள். திரும்பி வந்ததும் எல்லா ஜன்னலையும் திறந்து, ஃபேனைப் போட்டுவிட்டு, நீங்கள் கொஞ்ச நேரம் வெளியிலேயே நில்லுங்கள். அன்றிரவு ஜன்னல் சாத்தி ஏசி போட வேண்டாம்.

மீன் தொட்டியைப் பலர் மறந்துபோகிறார்கள். வீடுகளில் அடிக்கும் பைரித்ராய்டு மருந்துகள் மீனுக்குக் கொடிய நஞ்சு. தொட்டியை வேறு வீட்டுக்கு மாற்ற முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் ஈரத்துணி போட்டு, அதன்மேல் பிளாஸ்டிக் தாளால் மூடி, காற்று பம்ப்பை நிறுத்திவிடுங்கள், அறைக் காற்றைத் தண்ணீருக்குள் இழுத்துவிடுவது அந்தப் பம்ப்தான். பூனைக்குப் பெர்மெத்ரின் ஆகாது. லவ் பேர்ட்ஸ் கூண்டை வீட்டு வாசலில் வைத்தால் போதாது, வேறு வீட்டுக்கே கொண்டுபோக வேண்டும். கொல்லையில் கோழி மேய்ந்தால் செத்த கரப்பானைக் கொத்தாமல் அன்றைக்கு அடைத்து வையுங்கள்.

தண்ணீரைப் பிடித்து வைத்துத்தான் நம் ஊரில் பிழைப்பு. டிரம், குடம், சம்ப் எல்லாவற்றுக்கும் மூடி போட்டு அதன்மேல் தாள் கட்டுங்கள். பாத்திரங்கள் எல்லாம் ஒரு அறையில், போர்வைக்கு அடியில்.

துணிப் பூச்சிக்காகப் பீரோவில் பாச்சா உருண்டை போடும் வழக்கமும் நம்மிடம் உண்டு. அதே பீரோவில் பச்சைக் குழந்தையின் துணியை வைக்காதீர்கள். ஜி6பிடி என்ற நொதி குறைவாகப் பிறக்கும் குழந்தைகள் உண்டு. நாப்தலீன் அவர்கள் ரத்த அணுக்களை உடைத்துவிடும்.

மருந்து அடிக்க வரும் பையன்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். முகமூடி இல்லாமல், கையுறை இல்லாமல், அரைக்கால் டவுசரோடு வந்து நிற்பவரைப் பார்த்தால், "மாஸ்க் போட்டுட்டு அடிங்க தம்பி" என்று சொல்லுங்கள். இல்லை என்றால் நிறுவனத்துக்குப் போன் போட்டு, கொண்டுவரச் சொல்லுங்கள். ஒரு நாளில் நாம் ஒரு தடவை மூச்சில் வாங்கும் மருந்தை அவர்கள் அஞ்சாறு வீட்டில் வாங்குகிறார்கள். வேலை நடக்கும்போது டீ கொடுக்காதீர்கள். வேலை முடிந்ததும் சோப்பும் தண்ணீரும் கொடுத்து, கை முகம் கழுவிய பிறகு திண்ணையில் உட்காரவைத்துக் கொடுங்கள்.

யாருக்காவது தலைசுற்றல், வாந்தி, மூச்சுத் திணறல், வாயில் எச்சில் ஊறுவது, கண்மணி சுருங்குவது என்று எது வந்தாலும் உடனே வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து, 108-ஐக் கூப்பிடுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். பால், மோர் என்று எதையும் ஊற்றாதீர்கள். டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் தேசிய நச்சுத் தகவல் மையத்துக்கு இலவச எண் 1800 116 117, அதை இன்றே போனில் பதிந்துவையுங்கள். தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகும்போது நீங்கள் எடுத்த டப்பாப் படம் கையில் இருக்க வேண்டும்.

எப்போது செய்வது என்று கேட்டால், பொங்கலுக்கு வெள்ளையடிக்க எப்படியும் வீட்டை ஒதுக்கப் போகிறோம். அதற்கு இரண்டு வாரம் முன்னதாக மருந்தை வைத்துக்கொண்டால் ஒதுக்கும் வேலை ஒன்றாகப் போகும். ஜெல் வைத்த மூலைகளை மட்டும் பெயிண்டரிடம் சொல்லி விட்டுவைத்தால் போதும். ஹவுசிங் போர்டு பிளாக்கிலும் அடுக்குமாடியிலும் இருப்பவர்கள் தனித்தனியாகச் செய்வதைவிட, சங்கத்தில் பேசி ஒரே நாளில் எல்லா வீட்டுக்கும் செய்வதே பலன் தரும். ஒரு வீட்டில் அடித்தால் கரப்பான் குழாய் வழியே பக்கத்து வீட்டுக்குப் போகும், எலியும் அப்படியே. கீழ்த்தள வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் மாடி வீட்டுக்காரர் எத்தனை தடவை செலவழித்தாலும் தீராது. பூட்டிக் கிடக்கும் வீட்டின் சாவி யாரிடம் இருக்கிறது என்று அந்தக் கூட்டத்திலேயே கேட்டுவிட வேண்டும். எந்த வீட்டில், எந்தத் தேதியில், என்ன மருந்து, எந்த மூலையில் வைத்தது என்று சங்கத்தின் நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி எழுதிவைத்தால், அடுத்த வருஷம் வேறு நிறுவனம் வந்தாலும் எங்கே தொடங்குவது என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும்.